துடிப்பு மாறின இருதயமும் மிஞ்சின சோறும்: வாட்டில் இருக்கும் வயதானவர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தாறு வருடம் மருத்துவ வாட்டுகளில் தாதியாக நின்றுவிட்டு இப்போது கோண்டாவிலில் வீட்டோடு இருக்கிறேன். ஓய்வு என்பது பெயருக்குத்தான். பின்னேரம் நாலு மணி தாண்டினால் தொலைபேசி ஓயாது. "அக்கா, அம்மாவை வாட்டில மறிச்சுப்போட்டினம்" என்று தொடங்கும். பருத்தித்துறையிலிருந்தும் வரும், ரொறன்ரோவிலிருந்தும் வரும். ஈ.சி.ஜி. என்ன சொல்கிறது, என்ன குளிசை, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்பார்கள். "இண்டைக்கு மத்தியானம் தட்டில எவ்வளவு மிஞ்சினது?" என்று நான் திருப்பிக் கேட்டால் மறுமுனையில் சத்தம் இராது.

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் வாயில் வந்தபடியே எழுதி வைத்தேன். நான் வைத்தியர் இல்லை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிளினிக்கில்தான்.

1. "இருதயத் துடிப்பு ஒழுங்கில்லையெண்டு மறிச்சு வைச்சிருக்கினம். இதில சாப்பாட்டுக்கு என்ன வேலை?"

வயதானவர்களுக்கு அதிகம் வருவது ஏட்ரியல் பிப்ரிலேஷன், வாட்டுப் பேச்சில் ஏ.எஃப். இருதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நாடியைப் பிடித்தால் தாளம் தப்பின மேளம் மாதிரி. எண்பது வயது தாண்டியவர்களில் கிட்டத்தட்டப் பத்துப் பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஏ.எஃப். இருப்பவருக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. நாடி மிக மெதுவாகி பேஸ்மேக்கர் வைக்க வருபவர்களும் உண்டு, கீழறையில் தொடங்கும் ஆபத்தான வேகத்துடிப்போடு வருபவர்களும் உண்டு.

இருதயம் துடிப்பது மின்சாரத்தால். அந்த மின்சாரம் பொட்டாசியம், மக்னீசியம், கல்சியம் என்ற உப்புகளில் ஓடுகிறது. சாப்பாடு குறைந்து, சலம் போகிற குளிசையும் சேர்ந்தால் அந்த உப்புகள் இறங்கும், துடிப்பு இன்னும் குழம்பும். இருதயக் குளிசைகள் பல உடம்பின் நிறையையும் இரத்தத்தின் புரதத்தையும் பொறுத்தே வேலை செய்கின்றன. வருத்தம் வந்தால் உடம்பு முதலில் கடன் வாங்குவது தசையிடம். தசை இல்லாதவரிடம் கடன் வாங்க ஒன்றும் இல்லை. ஆகவே வாட்டுக்கு வரும்போது போசாக்கு எப்படி இருந்தது என்பதற்கும் ஆள் எத்தனை நாள் இருப்பார் என்பதற்கும் தொடர்பு இருக்கிறது. ஏ.எஃப். நோயாளிகளை வைத்துப் பல நாடுகளில் செய்த ஆய்வுகள், வயதையும் மற்ற வருத்தங்களையும் கழித்துப் பார்த்த பிறகும் இதையே காட்டின.

2. "அம்மா பிறவியிலேயே மெலிவு. மெலிஞ்ச ஆக்களுக்கு நெஞ்சு வருத்தம் குறைவெண்டுதானே சொல்லுறவை?"

நாற்பது வயதில் அது சரி. எண்பதில் கணக்கு மாறும். வயதான இருதய நோயாளிகளில் கொஞ்சம் சதை போட்டவர்கள் மெலிந்தவர்களை விடக் கூடுதல் காலம் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கொழுப்பு நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. மெலிந்தவர்களில் பலர் வருத்தத்தால் மெலிந்தவர்கள் என்பது ஒரு காரணம்.

அதனால் "மெலிவோ" என்று நான் கேட்பதில்லை, "மெலிஞ்சவவோ" என்று கேட்பேன். ஆறு மாதத்தில் நிறையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல், அதாவது ஐம்பது கிலோ ஆளில் இரண்டரைக் கிலோவுக்கு மேல், தானாகக் குறைந்திருந்தால் அது எச்சரிக்கை. நிறை தெரியாதவர்களிடம் வேறு சாட்சி இருக்கும். கலியாண மோதிரம் கழரக்கூடாது என்று உள்பக்கம் நூல் சுற்றியிருக்கும். சட்டைக்கு ஊசி குத்தியிருக்கும். வேட்டிக்கு மேல் கட்டும் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கும். வாட்டுக்கு வந்த ஆச்சியின் மோதிரத்தில் மூன்று சுற்றுக் கறுப்பு நூலைக் கண்டால், தராசுக்கு முதலே எனக்கு விசயம் விளங்கிவிடும்.

3. "மிஸ்ஸி வந்து ஏதோ கேள்வி கேட்டு புள்ளி போட்டவ. அது என்ன?"

தாதிமார் போடும், போசாக்கு ஆபத்தைக் கண்டுபிடிக்கும் சிறு சோதனைகள். எம்.என்.ஏ. என்பதன் சுருக்கப் படிவத்தில் மொத்தம் 14 புள்ளி: சாப்பாடு குறைந்ததா, நிறை குறைந்ததா, நடமாட்டம் எப்படி, மனம் எப்படி என்று கேட்கும். 12ம் அதற்கு மேலும் நல்லது, 8 முதல் 11 ஆபத்து, 7ம் கீழும் போசாக்கு ஏற்கனவே குறைந்துவிட்டது. எழுந்து நிற்க முடியாதவருக்கு நிறைக்குப் பதில் கெண்டைக்கால் சுற்றளவை அளக்கலாம். 31 சென்ரிமீற்றருக்குக் கீழ் என்றால் தசை போயிருக்கிறது. தையல் நாடா இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். என்.ஆர்.எஸ். என்று இன்னொன்று, அதில் 3 புள்ளி வந்தால் ஆபத்து. எழுபது வயது தாண்டினாலே அதில் ஒரு புள்ளி ஏறிவிடும்.

எந்தப் படிவம் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வந்த இரண்டு நாளுக்குள் ஒன்றையாவது போட வேண்டும், போட்ட பிறகு கோப்பில் மடித்து வைக்காமல் எதையாவது செய்ய வேண்டும்.

4. "லண்டனில இருக்கிற மகள் ஜி.என்.ஆர்.ஐ. எவ்வளவெண்டு கேட்கச் சொன்னவ. அது என்ன இழவோ தெரியேல்லை."

வயதானவர்களின் போசாக்கு ஆபத்தைப் புள்ளியாகச் சொல்லும், பிரான்சில் 2005இல் வெளிவந்த ஒரு கணக்கு. வயதான நோயாளிகளிடம் "வழமையான நிறை எவ்வளவு" என்று கேட்டால் பலருக்கு நினைவிராது. அதனால் நினைவை நம்பாமல், இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தையும், உயரத்துக்கு இருக்கவேண்டிய நிறையில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதையும் வைத்துச் செய்தார்கள். லீற்றருக்கு எத்தனை கிராம் என்று எழுதின அல்புமினை 1.489ஆல் பெருக்க வேண்டும். இப்போதைய நிறையை இருக்கவேண்டிய நிறையால் பிரித்து 41.7ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் விடை.

ஒரு ஆச்சியை வைத்துப் பார்ப்போம். உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 42 கிலோ, அல்புமின் 31. அந்த உயரத்துப் பெண்ணுக்கு இருக்கவேண்டியது 53 கிலோ. 31ஐ 1.489ஆல் பெருக்க 46.2. 42ஐ 53ஆல் பிரித்து 41.7ஆல் பெருக்க 33. மொத்தம் 79.2. 98க்கு மேல் என்றால் ஆபத்தில்லை. 92 முதல் 98 வரை குறைந்த ஆபத்து. 82 முதல் 92 வரை நடுத்தரம். 82க்குக் கீழ் பெரிய ஆபத்து. ஆச்சி கடைசி வகுப்பு. அதே ஆச்சிக்கு அல்புமின் 38 என்றால் விடை ஏறத்தாழ 89.6, ஒரு வகுப்பு மேலே.

இதில் இரண்டு இடத்தில் பிழைவிடுவார்கள். சில ஆய்வுகூடங்கள் அல்புமினை லீற்றருக்கு 31 கிராம் என்று எழுதும், சில டெசிலீற்றருக்கு 3.1 என்று எழுதும். 3.1ஐ அப்படியே போட்டால் விடை முப்பத்தெட்டுக்குக் கிட்ட வந்து குடும்பமே அழத் தொடங்கும். அப்படி அழுத ஒரு குடும்பத்தோடு நான் ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கிறேன். மற்றது, ஆள் இருக்கவேண்டியதை விடக் கூடுதல் நிறை என்றால் அந்தப் பின்னத்தை ஒன்று என்றே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பருமனான ஆள் கணக்கில் மட்டும் நலமாக இருப்பார்.

5. "அப்ப முட்டை வெள்ளைக்கரு நாளுக்கு ஆறு குடுத்தால் அல்புமின் ஏறுமோ?"

பெயர் ஒத்திருப்பதால் வரும் எண்ணம். அல்புமினைச் செய்வது ஈரல். நெஞ்சில் சளிக்காய்ச்சலோ சலத்தில் கிருமியோ இருந்தால் ஈரல் அல்புமினை விட்டுவிட்டு வேறு புரதம் செய்யப் போய்விடும், அல்புமின் சில நாளிலேயே விழும். சிறுநீரகம் ஒழுகினாலும் விழும். உடம்பில் தண்ணி கூடினாலும் ஐதாகி விழும். ஆகவே அல்புமின் குறைவு என்பது சாப்பாட்டுக்கு மட்டும் போடும் புள்ளி இல்லை. உடம்பு எவ்வளவு வருத்தத்தில் கிடக்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான். ஜி.என்.ஆர்.ஐ. உயிர்பிழைப்பை நன்றாக முன்சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நல்ல அல்புமின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ மூன்று கிழமை செல்லும். ஏறுவதும் மெதுவாகத்தான். நாளுக்கொரு தரம் இரத்தம் எடுத்து ஏறினதோ என்று பார்க்காதீர்கள். முட்டை கொடுங்கள், மஞ்சள்கருவோடு.

6. "போன கிழமையை விட ரெண்டு கிலோ கூடியிருக்கிறா. பிறகேன் சத்தில்லை எண்டுறியள்?"

கணுக்காலை விரலால் பத்து எண்ணும் வரை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து நின்றால் கூடியது தண்ணி. இருதயம் சோர்ந்தவர்களில் தண்ணி தசையை மறைக்கும்: கால் வீங்கியிருக்கும், தோள் எலும்பு குத்திக்கொண்டு நிற்கும். நெற்றியின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறதா, கழுத்தெலும்புக்கு மேல் குழியா என்று மேலே பாருங்கள். சலக்குளிசை வேலை செய்து வீக்கம் வற்றிய பிறகு எடுக்கும் நிறைதான் உண்மை நிறை. ஜி.என்.ஆர்.ஐ.யும் அப்போது போட்டால்தான் பொருந்தும்.

7. "புள்ளி குறைவெண்டால் ஆள் தப்பாதோ? நேரா சொல்லுங்கோ."

நேராகவே சொல்கிறேன். அந்தப் புள்ளி உங்கள் அம்மாவுக்கு எழுதின சாதகம் இல்லை. 82க்குக் கீழ் உள்ள நூறு பேரையும் 98க்கு மேல் உள்ள நூறு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால், முதற் கூட்டத்தில் கூடுதல் பேர் முந்திப் போவார்கள். எந்த ஆள் போவார் என்பதை அது சொல்லாது. 79 புள்ளியோடு வந்த ஆச்சி மூன்று வருடம் கழித்து என்னைச் சந்தையில் கண்டு முருங்கைக்காய் விலையைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறா.

எது காரணம், எது அடையாளம் என்பதும் கலந்து கிடக்கிறது. உள்ளே புற்றுநோய் ஒளிந்திருப்பதாலோ இருதயம் முற்றாகத் தளர்ந்ததாலோ ஒருவர் மெலிந்திருக்கலாம். அங்கே மெலிவு ஒரு செய்தி மட்டும். பற்களில்லாமல், தனியாக, சமைக்க ஆளில்லாமல் மெலிந்தவரும் இருப்பார். அங்கே மெலிவே வருத்தம், அதற்கு மருந்தும் உண்டு. புள்ளி குறைந்தால் இதில் எது என்று தேடுங்கள்.

8. "சாப்பாட்டைக் கவனிச்சால் உண்மையாவே ஆயுள் கூடும் எண்டு ஆர் காட்டினது?"

சுவிற்சர்லாந்தில் எட்டு ஆஸ்பத்திரிகளில் 2,088 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. எல்லோரும் மேலே சொன்ன என்.ஆர்.எஸ். புள்ளி 3ம் அதற்கு மேலும் உள்ளவர்கள். ஒரு பாதிக்கு வழமையான ஆஸ்பத்திரிச் சாப்பாடு. மற்றப் பாதிக்கு ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு சக்தி, எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டு, அந்த அளவு உள்ளே போகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். முப்பது நாளில் வழமைப் பகுதியில் நூற்றுக்குப் பத்துப் பேர் இறந்தார்கள், கவனித்த பகுதியில் ஏழு பேர். சாப்பாட்டால் வந்த வித்தியாசத்துக்கு இது சின்னதில்லை.

அதில் துடிப்புப் பிழை உள்ளவர்கள் மட்டும் இல்லை, பலவித வருத்தக்காரர். இன்னொன்றையும் ஒளிக்கக் கூடாது: ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதிக்கும் அந்த வித்தியாசம் இல்லை. வாட்டில் காட்டின கவனம் வீட்டுக்குப் போனதும் தொடரவில்லை. இதற்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

9. "அப்பு வாயே திறக்கிறாரில்லை. 'வேண்டாம்' எண்டுறார். வயசு போனால் அப்பிடித்தானே?"

இல்லை. "வேண்டாம்" என்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும்.

ஒரு அப்பு இருந்தார், எழுபத்தொன்பது வயது, ஏ.எஃப். மூன்று நாள் தேத்தண்ணியோடு மட்டும் கிடந்தார். மகன் இடியப்பம் கொண்டு வருவார், கட்டிலுக்குப் பக்கத்து அலுமாரியில் வைப்பார், மாலையில் எடுத்துப் போவார். கோப்பில் நாங்கள் "உணவில் விருப்பமில்லை" என்று எழுதினோம், நானும் எழுதினேன். நாலாம் நாள் பேத்தி வந்து கைப்பையைத் திறந்து கைலேஞ்சியில் சுற்றின ஒன்றை எடுத்தாள். பல்செற். அவசரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தபோது வீட்டுக் குளியலறைத் தட்டிலேயே விட்டுவிட்டார்கள். அவருக்குப் பல்லில்லாமல் பிறர் முன்னால் வாய் திறக்க வெட்கம், எங்களுக்குக் கேட்க நேரமில்லை. அன்று மத்தியானம் ஒரு கோழிக்கால் முழுதாகப் போனது.

துடிப்பை மெதுவாக்கும் டிஜொக்சின் குளிசை அளவு கூடினாலும் முதலில் போவது சாப்பாட்டு ஆசை. ஓங்காளம் வரும், சிலருக்குப் பார்வை மஞ்சளாகும். அது துடிப்பையும் கெடுக்கும் என்பதால் உடனே சொல்ல வேண்டிய விசயம். சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மெட்போமினும் பசியை அடைக்கும். மலச்சிக்கல், வாய்க்குள் வெள்ளைப் படை, மனச்சோர்வு, சாய்ந்து படுத்தபடி விழுங்கப் பயம், கண்ணாடி இல்லாததால் தட்டில் இருப்பது தெரியாமை: எல்லாவற்றையும் நான் கண்டிருக்கிறேன். விழுங்கும்போது இருமினால் கட்டாயப்படுத்தாமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

10. "வீட்டில இருந்து என்ன சமைச்சுக் கொண்டு போறது?"

யாழ்ப்பாணத்தில் வருத்தக்காரருக்கென்றால் கை தானாகக் கஞ்சிக்குப் போகும். வடித்த கஞ்சியில் புரதம் பேருக்குத்தான். ஆட்டெலும்பு சூப்பும் அப்படித்தான். மணம் நல்லது, சத்து எலும்போடு சட்டியிலேயே நின்றுவிடும், உப்பு மட்டும் தாராளமாக வரும். வருத்தத்தில் கிடக்கும் வயதானவருக்கு ஒரு கிலோ நிறைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. நாற்பத்தைந்து கிலோ ஆளுக்கு நாளுக்கு 54 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் கிட்டத்தட்ட அதே அளவு, உள்ளங்கையளவு மீன் துண்டில் 20 கிராம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், வைத்தியரிடம் கேளுங்கள்.

என் வாய்க்குப் பிடித்த பட்டியல்: முள்ளெடுத்த மீனும் முருங்கையிலையும் போட்ட கூழ், உறைப்பையும் உப்பையும் குறைத்து, இடியப்பத்தைப் பாலில் நனைத்து, கூடவே அவித்த முட்டை, அவித்த பயறோடு குழைத்த புட்டு, உழுத்தங்களி. கஞ்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பயற்றங்கஞ்சியாக்கி இரண்டு கரண்டி பால்மாவும் போடுங்கள். பெரிய கரியர் கட்டிக்கொண்டு போகாதீர்கள். மலைபோல் சோறு கண்டால் வருத்தக்காரருக்குப் பசி போய்விடும். சின்னக் கிண்ணம், நாளுக்கு ஐந்து ஆறு தரம்.

மத்தியானம் பார்க்கும் நேரம் உங்களுக்குக் கிடைப்பது சாப்பாட்டு நேரமும் கூட. அதில் பாதியைப் பக்கத்துக் கட்டில்காரரின் ஊரை விசாரிப்பதில் விடாமல், தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி இருத்தி ஊட்டுங்கள்.

11. "இளநி நல்லது தானே? ஒருத்தர் குடுக்கச் சொல்லுறார், மற்றவர் வேண்டாமெண்டுறார்."

இருவரும் சரி, ஆள் வேறு. இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் நிறைய. புரூசமைட் போன்ற சலக்குளிசையால் பொட்டாசியம் இறங்கியவருக்கு அது உதவும். இறங்கிய நிலையில் டிஜொக்சினும் குடிப்பவருக்குத் துடிப்பு மோசமாகும் என்பதால் அங்கே அது முக்கியம். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர், ஸ்பைரோனோலக்டோன், எனலபிரில், லொசாட்டன் குடிப்பவர் ஆகியோருக்குப் பொட்டாசியம் ஏற்கனவே ஏறி நிற்கலாம். இன்னும் ஏறினால் இருதயம் மெதுவாகி நின்றே போகலாம்.

இரத்த அறிக்கையில் பொட்டாசியம் 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்காமல் இளநியை வெட்டாதீர்கள்.

12. "வாஃபரின் குடிக்கிறவை கீரை தொடப்படாதாம். வல்லாரைச் சம்பல் இல்லாமல் அம்மா சாப்பிடமாட்டா."

தொடலாம். வாஃபரின் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் குளிசை. விட்டமின் கே வாஃபரினை எதிர்க்கும், கீரையில் அது அதிகம், உண்மைதான். பிரச்சினை கீரையில் இல்லை, ஏற்றத்தாழ்வில். ஒரு கிழமை தினமும் கீரை, மறு கிழமை ஒன்றுமில்லை என்றால், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஊஞ்சலாடும். ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்கேற்ப வைத்தியர் அளவு வைப்பார். ஏ.எஃப். ஆட்களுக்குப் பொதுவாக ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும்.

மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. வாஃபரினில் 99 வீதம் வரை இரத்தத்தில் அல்புமினோடு ஒட்டித்தான் திரியும். ஒட்டாத மிச்சம்தான் வேலை செய்யும். சாப்பிடாமல் கிடந்தவருக்கு அல்புமினும் இல்லை, விட்டமின் கேயும் இல்லை. பழைய அளவுக் குளிசையே இப்போது கூடிப்போகும். பல்லீறில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் கண்டல், கறுப்பு மலம் கண்டால் காத்திருக்காதீர்கள். நாலு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றால் கிளினிக் திகதிக்குக் காத்திராமல் ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள்.

13. "புதுக் குளிசை அப்பிக்சபான் எண்டால் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லையாமே?"

இதுவும் இரத்தம் கட்டியாகாமல் தடுப்பதுதான். கீரைப் பிரச்சினை இல்லை. நிறைப் பிரச்சினை உண்டு. எண்பது வயதும் அதற்கு மேலும், நிறை 60 கிலோவும் அதற்குக் கீழும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியற்றினின் 133ம் அதற்கு மேலும்: இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் அளவு பாதியாக, 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை. எங்கள் ஆச்சிமாரில் அறுபது கிலோ தாண்டியவர் எத்தனை பேர்? நிறுக்காமல் அந்த அளவு சரியோ என்று சொல்ல முடியாது. றிவரொக்சபான் என்றால் 15, 20 மில்லிகிராம் குளிசைகளைச் சாப்பாட்டோடுதான் குடிக்க வேண்டும். வெறுவயிற்றில் போனால் சரியாக உறிஞ்சாது.

14. "பத்து நாளா ஒண்டும் சாப்பிடேல்லை. இப்ப பசிக்குதாம். நல்லாக் குடுப்பமோ?"

நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென மாச்சத்து நிறையப் போனால், இன்சுலின் எழும்பி பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் இரத்தத்திலிருந்து கலங்களுக்குள் இழுத்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன மின்சாரம் அறுந்து துடிப்பு குழம்பி ஆள் போகவும் கூடும். இரண்டாம் உலகப் போரில் யப்பானியரின் சிறை முகாம்களில் பட்டினி கிடந்து மீண்டவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்ட பின் இறந்ததை வைத்தியர்கள் அப்போதே எழுதி வைத்தார்கள்.

ஐந்து நாளுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் சாப்பிடாதவருக்குத் தேவையில் பாதியோடு தொடங்குவார்கள். பத்து நாள் என்றால் இன்னும் குறைவு. தொடங்க முன்னமே விட்டமின் பி1 கொடுத்து, இரத்த உப்புகளைத் தினமும் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். வாட்டில் "கொஞ்சமாக் குடுங்கோ" என்று மறிப்பது கஞ்சத்தனத்தில் இல்லை. பாயாசம் கொண்டுவந்து களவாகப் பருக்காதீர்கள்.

15. "அண்ணை கனடாவில இருந்து சத்துமா ரின் ஆறு அனுப்பினவர். அதைக் குடுத்தால் காணும்தானே?"

சாப்பாட்டுக்கு இடையில் கொடுத்தால் நல்லது, சாப்பாட்டுக்குப் பதில் என்றால் இல்லை. தண்ணியைக் கூட்டிக் கரைத்து ரின்னை நீட்டிக்காதீர்கள். சீனி வருத்தம் இருந்தால் அதற்கென்று உள்ளதை வாங்குங்கள். வாஃபரின் குடிப்பவர் என்றால், பல ரின்களில் விட்டமின் கே இருக்கும், கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

16. "நல்லூர்க் கொடி ஏறிட்டுது. ஆச்சி இருபத்தஞ்சு நாளும் மச்சம் தொடமாட்டா, ஒருநேரச் சாப்பாடாம்."

மச்சம் விடுவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பயறு, கடலை, உழுந்து, சோயாமீற், தயிர், பால் இருக்கும்போது புரதம் சேர்க்கலாம். ஒருநேரச் சாப்பாடுதான் உதைக்கும்: குளிசை வெறுவயிற்றில் போகும், தண்ணி குறையும், வெயிலில் வீதியில் நிற்பா. பொட்டாசியம் இறங்கி, பிறஷர் இறங்கி, தேர்த் திருவிழா முடிய முதலே வாட்டில் வந்து கிடப்பா. ஒவ்வொரு ஆவணியும் அப்படி இரண்டு மூன்று பேரை நான் பார்த்தேன்.

ஆச்சியிடம் "சாப்பிடுங்கோ" என்று சொல்லி வென்றவரில்லை. "பாலும் பழமும் விரதத்தில சேர்த்தி, ரெண்டு நேரம் குடியுங்கோ" என்றால் கேட்பா. கும்பிடுகிற ஐயர் ஒருவர் சொன்னால் இன்னும் சுலபம்.

17. "நல்லாச் சாப்பிடுறா, எண்டாலும் மெலியிறா. நெஞ்சும் படபடக்குது. இது எந்தக் கணக்கு?"

தைரோயிட் கணக்காக இருக்கலாம். அது கூடிப்போனால் நிறையும் போகும், ஏ.எஃப்.பும் வரும். வயதானவர்களில் கண் பிதுங்குவது, கை நடுங்குவது மாதிரி வெளிச் சாட்சி இல்லாமலும் இருக்கும், சோர்ந்துபோய்க் கிடப்பார்கள். துடிப்பை அடக்கத் தரும் அமியோடரோனில் அயடீன் இருப்பதால் அந்தக் குளிசையே தைரோயிட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ரி.எஸ்.எச். என்ற தைரோயிட் இரத்தச் சோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள்.

18. "ஞாபகமும் இல்லை, சாப்பாடும் இல்லை. மூக்கால குழாய் போடச் சொல்லட்டோ?"

சில நாளில் தேறுவார் என்ற நம்பிக்கையிருந்தால், உதாரணமாகப் பாரிசவாதத்துக்குப் பிறகு விழுங்கல் திரும்பும் வரை, குழாய் உதவும். மறதி வருத்தம் முற்றிய ஆளுக்கு அது ஆயுளைக் கூட்டுவதாக ஆதாரமில்லை. கையைக் கட்டிவைக்கும் நிலைதான் வரும். அங்கே கரண்டியால், மெதுவாக, அவர் விரும்பும் அளவுக்கு ஊட்டுவதையே சொல்வார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளையும் இங்கே கட்டிலடியில் நிற்கும் பிள்ளையும் இந்த விசயத்தில் சண்டை பிடிப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். முடிவெடுக்கும் முன் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே வைத்தியரிடம், ஒரே தொலைபேசியில் கேளுங்கள்.

19. "நாளைக்குத் துண்டு வெட்டினம். வீட்டை வந்து என்ன செய்யிறது?"

எட்டாம் கேள்வியில் சொன்ன ஆய்வில் தவறிப்போன இடம் இதுதான். வயது போனவர் பத்து நாள் கட்டிலில் கிடந்தாலே, வருத்தமில்லாத ஆளாக இருந்தாலும், இரு கால்களிலும் சேர்த்து ஒரு கிலோ அளவு தசை போகும். அது சாப்பாட்டால் மட்டும் திரும்பாது. கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்பி இருப்பது, காலையில் ஐந்து தரம், மாலையில் ஐந்து தரம். முற்றத்தில் கிணற்றடி வரை நடப்பது. வைத்தியர் மறிக்காவிட்டால் முதல் நாளிலிருந்தே.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் அன்றைக்கு வாட்டுத் தராசில் நிறுத்து எழுதுவியுங்கள். வீட்டுக்கு ஒரு தராசு வாங்குங்கள், கட்டாயம். காலையில் சலம் போன பிறகு, சாப்பிட முன்னம், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்துக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் தண்ணி. சலக்குளிசையைப் பற்றிக் கேட்க அன்றைக்கே போங்கள். மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டு போனால் சாப்பாடு அல்லது அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒன்று. கிளினிக்கில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். கதை சொல்லத் தொடங்காமல் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். பல்செற்றையும் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.